சின்னப் பிள்ளைகளுக்கு வாசிப்பு: தொலைக்காட்சியை நம்பாமல் தொடங்குவது எப்படி?



நான் கிள்ளான் வட்டாரத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழ் போதிக்கிறேன். சின்னப் பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றி இடைநிலைப்பள்ளி ஆசிரியை எதுக்கு எழுதணும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஆறு வயசில் நடக்காமல் போனது, பதின்மூன்று வயசில் என் வகுப்பில் வந்து நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த ஆண்டு தொடக்கத்தில் படிவம் ஒன்று மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்து, ஆளுக்கு இரண்டு வரி வாசிக்கச் சொன்னேன். ஒரு பையன் முறை வந்தது. வகுப்பிலேயே நல்லாப் பேசுகிற பையன். ரஜினி வசனம், வடிவேலு வசனம் எல்லாம் ஏற்ற இறக்கத்தோடு பேசிக் காட்டுவான். எழுந்து நின்றான். புத்தகத்தைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். "டீச்சர், நீங்க படிங்க. நான் கேட்டுட்டு அப்படியே சொல்றேன்" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆறு வருஷமாக அவன் அப்படித்தான் சமாளித்து வந்திருக்கிறான் என்று எனக்குப் புரிய இரண்டு வாரம் ஆனது.

இந்தப் பிள்ளைகள் யார் என்று யோசித்துப் பாருங்கள். 2020 ஜனவரியில் ஆண்டு 1-இல் சேர்ந்தவர்கள். மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. எழுத்தைப் பிடிக்க வேண்டிய காலத்தில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. கைப்பேசி இருந்த வீட்டில் கைப்பேசி, இல்லாத வீட்டில் டிவி. 2021 பிப்ரவரி 17-ஆம் தேதி கல்வி அமைச்சு டிடிக் டிவியைத் தொடங்கியபோது நானும் சந்தோஷப்பட்டேன். கல்வித் தொலைக்காட்சி நம் நாட்டுக்குப் புதுசும் இல்லை, 1972-இலிருந்தே இருக்கிறது. ஒன்றுமே இல்லாததற்கு அது பெரிய உதவி. ஆனால் முதல்முறையாக எழுத்தைப் பார்க்கிற பிள்ளைக்கு அது எவ்வளவு தூரம் போதும் என்பதை நாம் அப்போது யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை.

டிவி எதைத் தருகிறது, எதைத் தரவில்லை

டிவியைத் திட்டுவது சுலபம். அதற்காக நான் எழுதவில்லை. டிவியால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு நன்மை நடந்திருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. அக்கம்பக்கத்தில் தமிழ் பேச ஆள் இல்லாத அடுக்குமாடி வீட்டில் வளர்கிற பிள்ளைக்கு, தமிழை நாள் முழுக்கக் காதில் போடுவது டிவிதான். 1996-இல் அஸ்ட்ரோ வந்ததிலிருந்து பல வீடுகளில் வானவில் அலைவரிசை ஒரு குடும்ப உறுப்பினர் மாதிரி ஆகிவிட்டது. என் மாணவனின் உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறது என்றால் அதில் டிவிக்கும் பங்கு உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? நம் நாட்டுத் தொலைக்காட்சியில் தமிழ்ப்படம் ஓடும்போது கீழே வரி ஓடுகிறதே, அது மலாய். காதில் தமிழ், கண்ணில் மலாய். பத்து வருஷம் தமிழ்ப்படம் பார்த்தாலும் பிள்ளையின் கண்ணில் படுகிற தமிழ் எழுத்து, படத்தின் பெயரும் நடிகர்களின் பெயர்களும்தான். அதையும் இப்போது பாதிப் படங்களில் ஆங்கிலத்திலேயே போடுகிறார்கள். தமிழ் கேட்கத் தெரிந்து படிக்கத் தெரியாத தலைமுறை எப்படி உருவாகிறது என்று நாம் கருத்தரங்கு வைத்துப் பேசுகிறோம். பதில் வரவேற்பறையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தியாவில் இதைத் தலைகீழாக்கிப் பார்த்தார்கள். அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரிக்கு 1996-இல் ஒரு யோசனை வந்தது. திரைப்பாட்டு ஓடும்போது, அந்தப் பாட்டு எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் வரிகளைக் கீழே ஓடவிட்டால் என்ன? 1999-இல் குஜராத்திப் பாட்டுகளுக்கு அப்படிச் செய்தார்கள், அப்புறம் இந்திக்கும் போனது. பாட்டு ஏற்கெனவே மனப்பாடம். அடுத்த சொல் என்ன வரும் என்று தெரியும். கண் தானாகவே அந்தச் சொல்லைத் தேடிப் பிடிக்கிறது. அரைகுறையாகப் படிக்கத் தெரிந்தவர்களுக்குத் தங்களுக்கே தெரியாமல் பயிற்சி கிடைத்தது. இதை நாம் வீட்டில் டிவி இல்லாமலே செய்யலாம், பின்னால் சொல்கிறேன்.

அமெரிக்காவின் செசமி ஸ்ட்ரீட் நிகழ்ச்சியையும் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். 1969-இல் தொடங்கியது. அதன் ஒளிபரப்பு நன்றாகக் கிடைத்த ஊர்களில் வளர்ந்த பிள்ளைகள் பள்ளியில் பின்தங்காமல் போனது கூடுதலாக இருந்தது என்று பின்னாளில் ஆய்வாளர்கள் கண்டார்கள். உண்மைதான். ஆனால் அது கல்வியாளர்கள் உட்கார்ந்து வடிவமைத்த நிகழ்ச்சி. நம் பிள்ளைகள் பார்ப்பது மெகா தொடரும் தமிழில் குரல் மாற்றிய கார்ட்டூனும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

இன்னோர் ஆய்வு எனக்கு எப்போதும் ஞாபகம் இருக்கும். பட்டப்படிப்புக்குப் பிந்தைய கல்வி டிப்ளோமா படித்தபோது தெரிந்துகொண்டது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பாட்ரிசியா குல் குழுவினர் 2003-இல் வெளியிட்டது. ஒன்பது மாதக் குழந்தைகள், வீட்டில் ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள். ஒரு பிரிவுக் குழந்தைகளோடு மாண்டரின் பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள், புத்தகம் படித்துக் காட்டினார்கள், 12 அமர்வுகள். அந்தக் குழந்தைகள் மாண்டரின் ஓசைகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். இன்னொரு பிரிவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில். அவர்கள் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. இது குழந்தைகளைப் பற்றிய ஆய்வு, ஓசையைப் பற்றியது, வாசிப்பைப் பற்றியது இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். சரி. ஆனால் ஆள் பக்கத்தில் இருப்பதற்கும் ஆள் திரையில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை. திரைக்குப் பிள்ளையின் விரல் எங்கே நிற்கிறது என்று தெரியாது. அவ்வளவுதான் விஷயம்.

"ஆனா ஆவன்னா" பாடுவது வாசிப்பா?

என் சொந்த வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊருக்கு உபதேசம் ஆகிவிடும். என் மகள் ஐந்து வயசில் உயிரெழுத்துப் பாட்டு முழுசையும் பாடுவாள். கைப்பேசியில் பார்த்து அவளே கற்றுக்கொண்டது. தமிழ் டீச்சர் பிள்ளைன்னா சும்மாவா என்று உறவுக்காரர்கள் பாராட்டுவார்கள், எனக்கும் பெருமை. ஒரு நாள் "இ" என்ற எழுத்தை மட்டும் தாளில் எழுதிக் காட்டினேன். அவள் மனசுக்குள் "அ"-விலிருந்து பாடிக்கொண்டே வந்து "இ"-யில் நின்றாள். வரிசையைக் கலைத்து "ஏ" காட்டினேன். மாட்டிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்தது பாட்டு. எழுத்து தெரியவில்லை.

உங்கள் பிள்ளையிடமும் சோதித்துப் பாருங்கள். வரிசையைக் கலைத்துக் காட்டுங்கள்.

இன்னொரு சிக்கல் எழுத்தின் பெயருக்கும் ஓசைக்கும் உள்ள தூரம். பிள்ளை "படம்" என்ற சொல்லைப் பார்க்கிறது. "பானா, டானா, இம்" என்று சொல்கிறது. மூன்றும் சரி. இப்போது சேர்த்துச் சொல் என்கிறோம். "பானாடானாஇம்" என்று எப்படிச் சேர்ப்பது? ப, ட, ம் என்று ஓசையை மட்டும் சொல்லப் பழகிய பிள்ளை உடனே "படம்" என்று சொல்லிவிடும். ஆனா, ஆவன்னாவை விட்டுவிடச் சொல்லவில்லை, அது நம் பாட்டன் சொத்து. ஆனால் வாசிக்கிற நேரத்தில் ஓசை மட்டும் போதும். பெயர் அப்புறம் வரட்டும்.

247 எழுத்து என்று சொல்லிப் பயமுறுத்துவதையும் நிறுத்த வேண்டும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மொத்தம் 31. உயிர்மெய்க்கு வருகிற குறிகளில் துணைக்கால், மேல் விசிறிகள் இரண்டு, ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, சங்கிலிக் கொம்பு, ஆக ஆறுதான் புதுசு. கொ, கோ இரண்டும் இருக்கிற குறிகளைச் சேர்த்து வைத்ததுதான். ஔகார வரிசையைச் சின்னப் பிள்ளை எத்தனை இடத்தில் பார்க்கப்போகிறது? உண்மையில் கஷ்டம் கொடுப்பது உகர, ஊகார வரிசைகள். கு, சு, து, நு, மு, ரு, லு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு உருவம். அங்கே மட்டும் பொறுமையாக நின்று, ஓர் எழுத்துக்கு ஒரு சொல் என்று பழக்கினால் போதும். நேரத்தை 216-க்கும் சமமாகப் பங்கு போட்டு, க வரிசை, ங வரிசை என்று போனால் பிள்ளை "ங" வரிசையிலேயே தூங்கிவிடும். "ஙௌ" எந்தச் சொல்லில் வருகிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.

அதே சமயம் அவசரமும் வேண்டாம். கன்னடம் படிக்கிற பிள்ளைகளைப் பற்றி சோனாலி நாக் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில எழுத்தைப் போல ஒரு வருஷத்தில் முடிகிற வேலை இது இல்லை, எழுத்துகளை முழுசாகப் பிடிக்க நாலாம் வகுப்பு வரைக்கும்கூட ஆகிறது என்று காட்டினார். தமிழில் கன்னடத்தைவிடக் குறிகள் குறைவு. ஆனாலும் அமைப்பு ஒன்றுதான். தாடிகாவில் ஆங்கிலம் நாலு மாதத்தில் படித்துவிட்டாள், தமிழ் மட்டும் வரல என்று பெற்றோர் வருத்தப்பட்டால் இதைச் சொல்லுங்கள். பிள்ளைக்குக் குறை ஒன்றும் இல்லை, எழுத்தின் தன்மை அப்படி.

மலாய் தெரிந்தது இங்கே உதவும் என்பதையும் நாம் அதிகம் பேசுவதில்லை. பா, பி, பு என்று அசை சேர்த்துப் படிப்பதுதான் மலாய் வாசிப்பின் தொடக்கம். தமிழும் அசை எழுத்துதான். மலாய் அசை சேர்க்கத் தெரிந்த பிள்ளைக்குத் தமிழில் பாதி வேலை முடிந்தது.

குழப்பம் வருகிற இடம் வேறு. "கெ" என்பதில் முதலில் சொல்லும் ஓசை வலப்பக்கம் இருக்கிறது, பின்னால் சொல்லும் ஓசையின் குறி இடப்பக்கம் இருக்கிறது. இடமிருந்து வலம் ஒன்றொன்றாகப் படிக்கப் பழகிய பிள்ளை அங்கே தடுமாறும். அப்புறம் "க". கல், அக்கா, தங்கை, பகல். நாலு இடத்திலும் ஒரே எழுத்து, ஓசை ஒன்றாக இல்லை. "பாப்பா", "தம்பி" பாருங்கள், அதே கதை. சொல்லின் முதலிலும், இரட்டிக்கும்போதும் வன்மையாகவும், மெல்லினத்துக்குப் பின்னால் மென்மையாகவும், இரண்டு உயிருக்கு நடுவில் இன்னும் லேசாகவும் ஒலிக்கும். பிள்ளைக்கு இந்த விதியைச் சொல்லாதீர்கள். நீங்கள் சத்தமாகப் படித்துக் காட்டினால் காது தானாகவே பிடித்துக்கொள்ளும். விதி நமக்குத்தான், பிள்ளை "தங்கை"யை வன்மையாகச் சொன்னால் ஏன் சொல்கிறது என்று புரிந்துகொள்வதற்கு.

"நான் நைட் ஷிஃப்ட், டீச்சர்"

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பெற்றோர் சந்திப்பில் "சாயந்திரம் டிவியை அணைச்சிடுங்கம்மா" என்று ஓர் அம்மாவிடம் சொன்னேன். சின்ன வயசு அம்மா. மூன்று பிள்ளைகள். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டீச்சர், நான் நைட் ஷிஃப்ட் போறேன். அவங்க அப்பா லாரி ஓட்டுறாரு. டிவி இல்லன்னா பிள்ளைங்களை யார் பார்த்துக்குவா? எங்க மாமியாருக்குக் கண்ணு சரியாத் தெரியாது" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. என்னுடைய அறிவுரை, இரண்டு பேரும் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வருகிற குடும்பத்துக்கு எழுதப்பட்ட அறிவுரை. 

அன்றிலிருந்து "அணைத்துவிடுங்கள்" என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது, இரண்டு வயசிலிருந்து நாலு வயசு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று. அதற்குக் கீழே ஒரு வயசுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றது. அதைச் சொல்லிவிடுகிறேன், மறைப்பதில்லை. ஆனால் நான் கேட்பது ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிஷம் மட்டும். டிவி ஓடுவதற்கு முன்னாலோ, ஓடி முடிந்த பிறகோ. அந்த அம்மாவுக்கு அது காலை ஏழு மணிக்குக் கிடைத்தது, வேலை முடிந்து வந்து படுப்பதற்கு முன்னால்.

அந்தப் பதினைந்து நிமிஷத்தில் என்ன செய்வது? பிள்ளையை மடியிலோ பக்கத்திலோ உட்கார வைத்து ஒரு கதையைப் படித்துக் காட்டுங்கள். விரல் சொல்லுக்குக் கீழே ஓடட்டும். வேகம் வேண்டாம். அதே கதையை மறுநாளும் கேட்டால் அதையே படியுங்கள், சலிப்பு உங்களுக்குத்தான் வரும், பிள்ளைக்கு வராது. நாலாம் நாள் ஒரு சொல்லுக்கு முன்னால் நிறுத்துங்கள். பிள்ளை அந்தச் சொல்லைச் சொல்லும். மனப்பாடத்தில் சொல்கிறதே என்று கவலைப்படாதீர்கள், கண் அந்தச் சொல்லின் மேல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பாட்டுக்குக் கீழே வரி ஓடவிட்டாரே கோத்தாரி, அந்த வேலையைத்தான் உங்கள் விரல் செய்கிறது.

புத்தகத்தில் "போகிறான்" என்று இருக்கும், பிள்ளை "போறான்" என்று படிக்கும். "வீட்டில்" என்பதை "வீட்ல" என்று படிக்கும். இதைப் பிழை என்று உடனே நிறுத்துகிற ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன், நானே அப்படி இருந்தவள்தான். யோசித்துப் பாருங்கள், அந்தப் பிள்ளை சொல்லைப் பார்த்து, பொருளைப் புரிந்து, தன் மொழியில் சொல்லியிருக்கிறது. அது வாசிப்பின் வெற்றி. நீங்கள் அடுத்த முறை படிக்கும்போது "போகிறான்" என்று தெளிவாகப் படித்துவிட்டுப் போங்கள். புத்தகத் தமிழ் என்று ஒன்று இருக்கிறது, அது அம்மா பேசுகிற தமிழ் இல்லை, டிவி பேசுகிற தமிழும் இல்லை என்பது காது வழியாகவே உள்ளே போகும். வேகம், தொனி, உச்சரிப்பு என்று நாம் மதிப்பெண் போடுகிற காலம் வரும், ஆறு வயசில் வேண்டாம்.

பாட்டுக் கேட்கிற வீடு என்றால் இன்னும் வசதி. பிள்ளைக்குப் பிடித்த ஒரு பாட்டின் வரிகளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பாட்டு ஓடும்போது பிள்ளை விரலால் தொடர்ந்து வரட்டும். அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்களே, அதை வைத்தே படிக்கக் கற்றுக்கொண்டவர்கள் நம் தாத்தாக்களில் உண்டு.

தாத்தா, பாட்டி என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. வீட்டில் படிக்கத் தெரிந்த பெரியவர் இருந்தால் அவரைவிட நல்ல ஆள் கிடையாது. ஆனால் அவர் பழைய எழுத்தில் படித்தவராக இருக்கலாம். தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகுதான் லை, ளை, ணை, னை, ணா, றா, னா போன்றவை இப்போதுள்ள வடிவத்துக்கு வந்தன. தாத்தா யானைத் தும்பிக்கை போட்டு "லை" எழுதினால் பிள்ளை குழம்பும். குழம்பினால் பரவாயில்லை, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் அதுவே ஒரு விளையாட்டு. 

படிக்கவே தெரியாத பாட்டியும் உண்டு. தோட்டத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவர்கள், பள்ளிக்கூடமே போகாதவர்கள். என் மாமியார் அப்படித்தான். அவர் கதை சொல்வார், நான் அதில் நாலு வரியை எழுதுவேன், மகள் படம் வரைவாள். மூன்று பேரும் சேர்ந்து செய்த புத்தகம் வீட்டில் ஒன்பது இருக்கிறது. என் மகள் முதன்முதலாகத் தானாகவே தட்டுத் தடுமாறாமல் படித்தது அச்சடித்த புத்தகம் இல்லை, பாட்டியின் ஆட்டுக்குட்டிக் கதை. தன் கதையைப் பேத்தி படிக்கிறாள் என்று மாமியார் கேட்டுக்கொண்டே இருந்தார், ஒரு சொல்லை மாற்றிப் படித்ததும் "நான் அப்படிச் சொல்லலையே" என்று திருத்தினார்.

எழுத்து எங்கே இருக்கிறது?

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் தமிழ் எழுத்து தேடினால் கிடைக்கும், தேடத்தான் வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையில் நடந்து பாருங்கள், கிள்ளானில் தெங்கு கிளானா சாலையில் நடந்து பாருங்கள். கடைப் பலகையில் மலாய் பெரிசாகவும் தமிழ் ஓரத்தில் சின்னதாகவும் இருக்கும். அந்தச் சின்ன எழுத்தைக் கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு. "ம-வில் தொடங்குகிற கடை எங்கே இருக்கு?" என்று கேளுங்கள். நகைக்கடை, துணிக்கடை, பூக்கடை, உணவகம், எல்லாவற்றிலும் சொல் இருக்கிறது. மளிகைச் சாமான் பட்டியலைத் தமிழில் எழுதிப் பிள்ளை கையில் கொடுத்து, கடையில் ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லலாம். பருப்பு, புளி, உப்பு, வெல்லம். இந்த நாலு சொல்லில் உகர வரிசை எழுத்துகளும் வந்துவிடும்.

கேடிஎம் ரயிலில் கேஎல் சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்கு வருகிற நேரத்தை நான் மகளோடு இப்படித்தான் கழிக்கிறேன். நிலையத்தின் பெயர்ப்பலகையை அவள் மலாயில் படிக்க வேண்டும், நோட்டில் தமிழில் எழுத வேண்டும். பந்தாய் டாலாம், சுபாங் ஜெயா, பத்து தீகா, ஷா ஆலம், பாடாங் ஜாவா. ஜ, ஷ எல்லாம் பாடநூலில் எங்கோ ஒரு மூலையில் வரும், நம் ஊரில் ஜாலான் இல்லாமல் முகவரியே கிடையாது, அதனால் சீக்கிரமே தேவைப்படும். நடுவில் அங்காசாபுரியும் வருகிறது. டிவி நிலையம் இருக்கிற ஊரின் பெயரையும் எழுதிப் பழகிவிட்டாள்.

புத்தகம் விலை அதிகம் என்கிறார்கள். சென்னையிலிருந்து வருகிற படக்கதைப் புத்தகங்கள் இங்கே ரிங்கிட்டில் கனமாகத்தான் இருக்கின்றன. ஆனால் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணைய நூலகத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். நிலை 1-லிருந்து நிலை 4 வரை பிரித்து வைத்திருக்கிறார்கள். நிலை 1 என்றால் ஒரு பக்கத்துக்கு ஒரு வரி மாதிரி. பதிவிறக்கம் செய்து அச்செடுக்க உரிமமும் தந்திருக்கிறார்கள். திரையில் காட்டாமல் தாளில் அச்செடுத்துக் கொடுங்கள், கறுப்பு வெள்ளையே போதும், பிள்ளை வண்ணம் தீட்டிக்கொள்ளும். நிலாம் பதிவேட்டில் இந்தக் கதைகளையும் எழுதலாம், பல பள்ளிகளில் அந்தப் பதிவேடு முழுக்க மலாய்ப் புத்தகங்களும் ஆங்கிலப் புத்தகங்களும்தான் இருக்கின்றன. அதில் தமிழ் ஏறாமல் இருப்பதற்கு நாம்தான் காரணம்.

முன்பு இந்தக் கவலை குறைவு. வீட்டுக்குத் தினம் ஒரு தமிழ்ப் பத்திரிகை வந்தது. 1950-களில் தமிழ் முரசின் மாணவர் மணிமன்றத்தில் எழுதிப் பழகியவர்கள்தான் பிறகு இந்த நாட்டின் எழுத்தாளர்களாக வந்தார்கள். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோனது. இருக்கிற பத்திரிகைகளையாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் வாங்குங்கள். தலைப்பில் பிள்ளைக்குத் தெரிந்த எழுத்துகளை வட்டம் போடச் சொல்லுங்கள். 

என் மாணவனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பதின்மூன்று வயசுப் பையனிடம் நிலை 1 புத்தகத்தைக் கொடுத்தால் அவமானப்படுவான். கொடுத்தும் பார்த்தேன், மேசைக்குள் ஒளித்து வைத்துவிட்டான். அவனுக்குப் பாலர் பள்ளி போகிற தங்கை இருக்கிறாள் என்று தெரிந்ததும் வேறு மாதிரி கேட்டேன். "தங்கச்சிக்குப் படிச்சுக் காட்ட ஆள் வேணும், வாரத்துக்கு ஒரு கதை, நீ முதல்ல என்கிட்ட ஒரு தடவை படிச்சுப் பழகிட்டுப் போ" என்றேன். இப்போது யாருக்கும் அது சின்னப் பிள்ளை புத்தகம் இல்லை, தங்கைக்காக எடுத்துப் போகிற புத்தகம். ஓய்வு நேரத்தில் என் மேசைக்குப் பக்கத்தில் நின்று, ஓசை சேர்த்துச் சேர்த்துப் படிப்பான். முதல் கதைக்கு மூன்று நாள் ஆனது.

போன வாரம் வந்து புகார் சொன்னான். "டீச்சர், பக்கத்தைத் திருப்பவே விடமாட்டேங்கிறா. நான் விரலை எடுத்தா கையைப் பிடிச்சு மறுபடி வைக்கிறா. டிவி போடுன்னு சொன்னாலும் வேணாம்ங்கிறா." நிலை 2-இலிருந்து இரண்டு கதை அச்செடுத்துக் கொடுத்தேன். ஒன்றை நின்ற இடத்திலேயே திறந்து, உதடு அசைய, மனசுக்குள் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போனான்.